குழப்பத்தில் இருக்கும் மூவர்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
8.9.2024

மாதா துணை

என் கண்ணு அமாந்தினுக்கு மார்கரீத் அத்த ஆசி சொல்லி எழுதிக்கறது. இங்க நான் சொகம். மூட்டு மட்டும் சொகமில்ல, அது சொல்ற பேச்ச கேக்க மாட்டேங்குது. பிரான்சுல அந்த துலூஸ் ஊர்ல இப்பவே குளுரு ஆரம்பிச்சிருக்கும். காதுக்குத் துணி கட்டிக்கறியா? வேளாவேளைக்குச் சாப்புடறியா?

கடுதாசி எதுக்குன்னு கேப்ப. அந்த வீடியோ ஃபோன் எனக்கு ஆவாதுடீ. நான் சொல்றது ஒனக்கு லேட்டா வருது, நீ சொல்றது எனக்கு லேட்டா வருது. போன வாரம் பக்கத்து வூட்டு வாத்தியாரு செத்துட்டாருன்னு சொல்றேன், நீ "ரொம்ப சந்தோஷம் அத்தை"ங்கற. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. அதுக்கு முன்னாடி மாங்கா ஊறுகா அனுப்பறேன்னு சொன்னனே, அதுக்கு வந்த பதிலாம் அது! கடுதாசின்னா நான் பாட்டுக்குப் பேசலாம், நீ குறுக்க வர முடியாது.

இன்னிக்கு மாதா பொறந்த நாளு. ஒனக்காக வேண்டிக்கிட்டேன். ஆனா மாதாவே "உன் மருமவ அங்க இன்னா பண்றா"ன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. புரியற மாதிரி எழுது.

உங்கப்பன் நல்லா இருக்கான். நீ கேக்கல, நானா சொல்றேன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கப் போற அன்னிக்கு மட்டும் சட்டய இஸ்திரி போட்டுக்கறான், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த தோரண போவல. உங்கம்மா வலேரி போயி ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு. அப்பனும் மகளும் பேசி அவ்ளோ காலமாச்சு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்மா. சொன்னா அவன் ஒரு பக்கம் திரும்பிக்கறான், நீ ஒரு பக்கம் திரும்பிக்கற.

ஆண்டவரு ஒன்ன காப்பாத்தட்டும்.
மார்கரீத் அத்த


துலூஸ்
2.10.2024

அன்புள்ள அத்தைக்கு, அமாந்தின் வணக்கத்துடன் எழுதுவது. காது மூடியிருக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது. உங்கள் மூட்டை ஒரு முறையாவது மருத்துவரிடம் காட்டுங்கள். மாதாவிடம் மட்டும் காட்டினால் போதாது.

மாதா கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். என் மேசையில் உள்ளங்கை அகலத்துக்குச் சில மின்சுற்றுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மின்சாரம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். ஊஞ்சல் போல இல்லை. ஊஞ்சல் அடுத்து எங்கே வரும் என்று சொல்லிவிடலாம். இது எப்போது இந்தப் பக்கம் சுற்றும், எப்போது அந்தப் பக்கம் தாவும் என்று கொஞ்ச நேரத்துக்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. விதிப்படிதான் ஆடுகிறது, ஆனால் தொடக்கத்தில் மயிரிழை வேறுபாடு இருந்தால் போதும், ஒன்றுபோலச் செய்த இரண்டும் வேறு வேறு வழியில் போய்விடும். இதைக் குழப்ப ஆட்டம் என்கிறோம்.

அப்படிப்பட்ட இரண்டை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றின் ஆட்டம் மற்றதற்குத் தெரியும்படி செய்தால், தன் குணம் மாறாமலே இரண்டும் சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. அதற்கு ஒத்திசைவு என்று பெயர். முதல் முறை திரையில் அதைப் பார்த்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சரி, அந்தக் கம்பியில் சேதி போய்ச் சேரத் தாமதமானால் என்ன ஆகும்? அதுதான் என் ஆராய்ச்சி.

அங்கே எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.
உங்கள் அமாந்தின்


நெல்லித்தோப்பு
27.10.2024

மாதா துணை

கண்ணு அமாந்தினுக்கு அத்தயோட முத்தம். ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. மழ புடிச்சிக்கிச்சு, துணி காய மாட்டேங்குது, அவ்ளோதான் கஷ்டம்.

ஒன் கடுதாசிய எடுத்து எடுத்துப் படிக்கறேன். ஒத்திசைவுன்னு எழுதியிருந்தியே, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வூட்ட ஒத்திக்கு வுடறதுதான். யாரோ ஒன் மேசையில இருக்கற மின்சாரப் பெட்டிய ஒத்திக்கு வச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். அப்பறம் மெதுவா படிச்சா வெளங்குது. நீ எழுந்து நின்னுட்டேன்னு எழுதின எடம் வந்ததும் நானும் எழுந்து நின்னுட்டேன், எதுக்குன்னு தெரியாமலே! குணம் மாறாமலே சேந்து ஆடுதாமே. எந்தப் புண்ணியவதிடீ ஒன் தலைக்குள்ள இத வச்சா? கான்வென்ட்டு மதருங்க எனக்கு எட்டாவது வரைக்கும் சொல்லிக் குடுத்ததுல இதெல்லாம் இல்லியே.

பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேன், என் தம்பி பொண்ணு பிரான்சுல குழப்பத்துக்குப் படிக்கறான்னு. பெரிய மார்க்கெட்டுல மீன் விக்குமே கனகசெட்டிக்குளத்து கொளஞ்சி, அது சொல்லுது: "அதுக்கு எதுக்கு அம்மாந்தூரம் போவணும்? என் வூட்டுக்கு அனுப்பு, ஒரே நாள்ல பாஸாயிடும்."

எல்லாரையும் கேட்டதா எழுதியிருந்த. எல்லார்னா அதுல எங்க தம்பியும் சேத்தியா இல்லியான்னு தெரியல. சேத்தின்னு வச்சிக்கிட்டு சொல்லிட்டேன். அவன் பேப்பர மடிச்சு வச்சான். "இன்னா கேட்டா?"ன்னான். "எல்லாரையும்"னேன். மறுபடியும் பேப்பர விரிச்சிக்கிட்டான்.

மூணு பெட்டியோ நாலு பெட்டியோ, ஒன் பெட்டிங்களுக்கு ஆண்டவரு தொண நிக்கட்டும்.
மார்கரீத் அத்த


துலூஸ்
17.11.2024

அன்புள்ள அத்தைக்கு, உங்கள் கடிதம் வந்த அன்று ஆய்வகத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நலமாக இருக்கிறேன், தூக்கம்தான் குறைவு.

தாமதம் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேதி பழசாகிப் போய்ச் சேருகிறது. ஒரு மின்சுற்று ஆடியதை மற்றது அறியும் நேரத்தில், ஆடியது அங்கிருந்து போய்விட்டிருக்கிறது. பழைய சேதியை நம்பித் தவறான பக்கம் தாவுகிறது. தாமதம் கூடக் கூடக் கெடும் என்று நினைப்பீர்கள். அப்படியும் இல்லை. ஒரு தாமதத்தில் கெடுகிறது. அதைவிட நீண்ட ஒன்றில் மறுபடி சேர்கிறது.

இப்போது மூன்றை வரிசையாக வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கும் இரண்டுக்கும் நேரே கம்பி கிடையாது. நடுவில் இருப்பதோடு மட்டும்தான் இரண்டும் பேசும், அதுவும் தாமதமாக. ஓரத்து இரண்டும் சேருமா? சேரும் என்கிறார் என் பேராசிரியர். காகிதத்தில் கணக்கும் வருகிறது. மேசையில் வரவில்லை. இது வராவிட்டால் என் ஆராய்ச்சிக்கு முதுகெலும்பு இல்லை.

பப்பாவைப் பற்றி நீங்கள் கேட்காமல் கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். அம்மா படுக்கையில் விழுந்தது எனக்குத் தெரியாது. என் பரீட்சை முடியட்டும் என்று அவர் மறைத்துவிட்டார். போன பிறகுதான் சொன்னார். விமானம் பிடித்து நான் வந்தபோது கல்லறையில் மண் மூடி மாலை போட்டிருந்தது. ஒரு நாள் காத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நேரத்துக்கு வந்திருக்கணும்" என்றார். அதன் பிறகு அவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லை. 

மாதாவிடம் மூன்று பெட்டி என்றே சொல்லுங்கள்.
அமாந்தின்


நெல்லித்தோப்பு
15.12.2024

மாதா துணை

என் தங்கம் அமாந்தினுக்கு. மொதல்ல சொகத்த சொல்லிடறேன், எல்லாரும் உசுரோட இருக்கறோம். ஆனா உங்கப்பன் என்னோட பேசி ஒரு வாரமாச்சு. கத கேளு.

ஒன் மூணு பெட்டிக்கும் பூச குடுக்கலாம்னு கோயில் ஆபீசுக்குப் போனேன். எதுக்காகப் பூசன்னு கருத்த எழுதிக் குடுங்கன்னாங்க. பெட்டின்னு எழுதினா சிரிப்பாங்களேன்னு, "குழப்பத்தில் இருக்கும் மூவர் ஒன்றுசேர வேண்டி"ன்னு எழுதி, கீழ என் பேரு, ஒன் பேரு ரெண்டயும் போட்டேன். ஞாயித்துக்கெழம, கோயில் நெறைய ஜனம். மைக்குல வாசிக்கறாங்க: "மார்கரீத் அம்மாள், அமாந்தின் குடும்பத்தில் குழப்பத்தில் இருக்கும் மூவர் ஒன்றுசேர வேண்டி." எல்லாத் தலையும் திரும்பி உங்கப்பன பாக்குது. அவன் எழுந்து வெளிய போயிட்டான்.

வூட்டுக்கு வந்து ஒரே சத்தம். "எங்கூட்டுக் கதய மைக்கு போட்டு சொல்றியா? ஊர்ல எனக்கு மூஞ்சி இல்லாம பண்ணிட்டியே"ன்னான். "டேய், அது பெட்டிடா"ன்னேன். "எந்தப் பெட்டி?"ன்னான். "ஒன் பொண்ணு பெட்டி"ன்னேன். எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல, ஒன் கடுதாசிய எடுத்து நீட்டிட்டேன். மூணு பெட்டி எழுதின பக்கத்ததான் காமிச்சேன். பின்பக்கம் நீ இன்னா எழுதியிருந்தன்னு அந்த நேரத்துக்கு எனக்குத் தோணல.

கண்ணாடி போட்டுக்கிட்டு படிச்சான். திருப்பினான். படிச்சான். மடிச்சு சட்டப் பையில வச்சிக்கிட்டு போயிட்டான். இன்னும் திருப்பிக் குடுக்கல. நானும் கேக்கல.

கோவிச்சிக்காதடீ. கிறிஸ்மஸ் நேரம்.
மார்கரீத் அத்த


துலூஸ்
12.6.2025

அன்புள்ள அத்தைக்கு, ஆறு மாதமாக எழுதவில்லை. முதலில் கோபம், பிறகு வேலை. ஈஸ்டருக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டை மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறது. அந்தத் தாளை அவரே வைத்திருக்கட்டும். நான் நலம்.

அத்தை, சேர்ந்துவிட்டன!

என் தவறு எது தெரியுமா? நடுவில் உள்ள மின்சுற்றையும் ஓரத்து இரண்டைப் போலவே அச்சாகச் செய்யப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். அது தேவையே இல்லை. நடுவில் இருப்பது எப்படி இருந்தாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்துக்கும் அது சேதி சொல்லும் தாமதம்தான் ஒரே அளவாக இருக்க வேண்டும். என் கருவியில் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது. அதைச் சரி செய்து, கம்பி வழியாக ஒன்றை ஒன்று இழுக்கும் வலுவையும் கூட்டினேன். நடுவில் இருப்பது விலகியே ஆடுகிறது. ஓரத்து இரண்டும் ஒரே கணத்தில் ஒரே பக்கம் தாவுகின்றன. ஒன்றையொன்று நேரே அறியாதவை, அத்தை! அதுவும் தாமதமாக வந்த சேதியை மட்டும் கேட்டுக்கொண்டு.

செப்டம்பர் 26 அன்று டாக்டர் பட்டத்துக்காக நடுவர்கள் முன்னால் என் ஆய்வைச் சொல்லி நிலைநாட்ட வேண்டும். அழைப்பிதழ் இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டாவதை உங்களுக்குத் தோன்றியவரிடம் கொடுங்கள்.

அன்புடன்
அமாந்தின்


நெல்லித்தோப்பு
6.7.2025

மாதா துணை

எங்க குலத்துக்கே வெளக்கா வந்த அமாந்தினுக்கு. நல்லா இருக்கறோம். நீ எழுதாம இருந்த ஆறு மாசமும் நான் எப்பிடி இருந்தேன்னு இப்ப சொல்லி இன்னா ஆவப் போவுது.

கடுதாசி படிச்சதும் கோயிலுக்கு ஓடிப் போயி மெழுகுவத்தி ஏத்தினேன். நடுவுல இருக்கற பெட்டிக்குத் தனியா ஒண்ணு. பாவம், ரெண்டு பக்கமும் இழுபட்டுக்கிட்டு கெடக்குது.

ரெண்டாவது கார்ட தம்பிகிட்ட குடுத்தேன். பிரெஞ்சுல இருக்குதா, வெரல வச்சு படிச்சிக்கிட்டே வந்தான். ஒன் ஆராய்ச்சித் தலைப்புல வெரலு நின்னுபோச்சு. "ரெத்தார்"ன்னான்.

"அப்பிடின்னா இன்னாடா?"

"லேட்டு. பட்டாளத்துல லேட்டா போயி நின்னா சார்ஜெண்ட் வாயில மொதல்ல வர்ற வார்த்த. நான் லேட்டா சொன்னத புஸ்தகமா எழுதியிருக்கா அவ, அக்கா. பெரிய பெரிய படிப்பாளிங்கள கூட்டி வச்சு வாசிக்கப் போறா. அத வந்து கேக்கச் சொல்லி எனக்கே கார்டு."

"லூசு, அது கம்பில போற சேதிடா"ன்னேன். "கம்பில போற சேதிக்கு எங்கூட்டு வார்த்த எதுக்கு?"ன்னான்.  நான் எட்டாவது, அவன் சார்ஜெண்ட்கிட்ட கத்துக்கிட்ட பிரெஞ்சு. நாங்க ரெண்டு பேரும் ஒன் தலைப்ப வச்சிக்கிட்டு காலைலேர்ந்து சண்ட. வர மாட்டானாம்.

நீதான் சொல்லணும் கண்ணு. அந்த வார்த்த யாரு?

மார்கரீத் அத்த


துலூஸ்
25.7.2025

அன்புள்ள அத்தைக்கு, நலம். உடனே எழுதுகிறேன்.

அந்தச் சொல் பப்பா இல்லை. இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் எழுதும் சொல். ஆனால் உங்களிடம் பாதி உண்மை எழுத விருப்பமில்லை. எனக்கு வேறு தலைப்புகளும் தந்தார்கள். அம்மா போன வருஷம் அது. ஒரு சேதி தாமதமாக வந்துவிட்டால் எல்லாம் கெட்டுத்தான் போக வேண்டுமா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் இதை எடுத்தேன்.

கெட வேண்டியதில்லை என்று கண்டுபிடித்திருக்கிறேன். அன்று அந்த அறையில் நின்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் உரக்கப் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அமாந்தின்


நெல்லித்தோப்பு
24.8.2025

மாதா துணை

கண்ணு அமாந்தினுக்கு. ஒடம்ப பாத்துக்கோ, நேரம் நெருங்குது, வெறும் வயத்தோட அந்த நடுவருங்க முன்னாடி போயி நிக்காத.

ஒரக்கதான் படிச்சேன். அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதுக்கப்பறம் நடந்தத எழுதக் கூடாதுன்னு ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கறேன். மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன். அதனால யாரும் எங்கயும் வர்றதா நான் ஒனக்கு எழுதல. யாரும் பழைய கோட்ட டெய்லருகிட்ட குடுத்து இடுப்ப பெருசு பண்ணச் சொல்லல. "ஒருவேள போவ முடியாமப் போனா அவ எதிர்பாத்து ஏமாந்துடுவா, சொல்லாதக்கா"ன்னு எங்கிட்ட யாரும் சொல்லல. பாரீசுல பட்டாளத்து சிநேகிதன் வூட்ல ரெண்டு நாள் தங்கிட்டு ரயில்ல வர்றதா எனக்கு ஒண்ணும் தெரியாது.

முன் வரிசையில ஒரு நாற்காலி மட்டும் காலியா வுட்டு வை. வேற ஒண்ணும் நான் சொல்ல மாட்டேன்.

மார்கரீத் அத்த


துலூஸ்
28.9.2025

அன்புள்ள அத்தைக்கு,

முடிந்தது. உங்கள் மருமகள் இப்போது டாக்டர். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

தொடங்கச் சற்று நேரம் பிடித்தது. படம் காட்டும் கருவியில் ஏதோ கோளாறு, என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு தானாகச் சரியாகிவிட்டது. மற்றபடி எல்லாம் நல்லபடி. கடினமான கேள்விகள் கேட்டார்கள். நடுச்சுற்று வேறு மாதிரி இருந்தாலும் எவ்வளவு தூரம் தாங்கும் என்று ஒரு அம்மையார் விடாமல் கேட்டார். இந்த விஷயத்தில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு என்று சொன்னேன். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

பப்பா வந்தார். நீங்கள் சத்தியத்தை மீறவில்லை என்று அவரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன்.

மற்றதை நேரில் சொல்கிறேன்.
அமாந்தின்


துலூஸ்
29.9.2025

அக்காவுக்கு அர்மான் எழுதறது. ஒடம்பு சொகம். சாப்பாடு பரவால்ல.

நேரத்துக்குப் போய்ச் சேரல அக்கா. இந்த ஊருல நான் பட்டாளத்துல இருந்தவன், வழி கேக்க வேணாம்னு நெனச்சு டிராம்ல எதிர்ப்பக்கம் ஏறிட்டேன். எறங்கி, மாறி, ஓடி வரேன். எல்லாம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டே கதவத் தொறக்கறேன். உள்ள அத்தன பேரும் சும்மா உக்காந்திருக்காங்க. சுவத்துல படம் பளிச்சுன்னு தெரியுது. அமாந்தின் பாப்பா எல்லாருக்கும் முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்குது. என்னைப் பாத்துச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிச்சிடுச்சு.

முடிஞ்சதும் வெள்ளத் தலையா ஒரு நடுவரு வந்து கை குடுத்தாரு. "கருவி கெட்டுப்போச்சுன்னு உங்க பொண்ணு எங்கள எவ்ளோ நேரம் உக்கார வச்சா தெரியுமா"ன்னு சிரிச்சாரு. எனக்கு சிரிப்பு வரல.

வெளிய படியில ரெண்டு பேரும் உக்காந்தோம். வலேரிய அப்பிடிக் கெடத்தி வச்சிப் பாத்துக்கிட்டு இருக்க எனக்கு நெஞ்சு தாங்கல, அதான் காத்திருக்கல, நீ வந்ததும் என் மேல எனக்கே இருந்த கோவத்த ஒன் மேல காட்டிட்டேன்னு சொன்னேன்.  என் கோட்டு பட்டன் ஒண்ணு மாறிப் போட்டிருந்துது, பாப்பா அத கழட்டி சரியா போட்டு வுட்டுச்சு.

கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வரோம். டிக்கெட்டு எடுத்தாச்சு.

அர்மான்


நெல்லித்தோப்பு
14.10.2025

மாதா துணை

தம்பி அர்மானுக்கும் டாக்டர் அமாந்தினுக்கும் மார்கரீத் எழுதிக்கறது. நான் சொகமா இருக்கறேன். நெசமாவே சொகமா இருக்கறேன்.

ரெண்டு பேரு கடுதாசியும் ஒரே நாள்ல வந்துது. எத மொதல்ல பிரிக்கறதுன்னு தெரியாம ரெண்டயும் மாதா படத்துக்கு முன்னாடி வச்சிட்டு ஒரு காப்பி போட்டுக் குடிச்சேன். கருவி கெட்டுப்போச்சுன்னு ஒருத்தரு எழுதியிருக்கீங்க, கெடலன்னு ஒருத்தரு எழுதியிருக்கீங்க. நான் அதுக்குள்ள வரல.

தெருவுல எல்லாருக்கும் கேசரி குடுத்தாச்சு. கொளஞ்சிக்கு ஒரு கிண்ணம் எடுத்துக்கிட்டுப் போயி டாக்டர் ஆயிட்டான்னு சொன்னா, "மொதல்ல ஒன் மூட்டுக்கு மருந்து கேளு"ங்குது. அதுக்கு இன்னா தெரியும். மூணு பெட்டிய வச்சு நீ கண்டுபுடிச்சத ஒலகத்துல எந்த மருந்துக்கட டாக்டரு கண்டுபுடிச்சான்? நெனச்சா எனக்கு ஒடம்பு சிலிர்க்குதுடீ.

ஒரு விஷயம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முன்னாடியே நான் போயி வலேரி கல்லறையில புல்லு செதுக்கி, சுண்ணாம்பு அடிச்சி, பூ வச்சிட்டு வந்துடுவேன். இந்த வருஷம் நான் கைய வைக்கல. நேத்து போயி பாத்தேன், புல்லு முழங்கால் ஒயரத்துக்கு வளந்து கெடக்குது. கெடக்கட்டும்னு வந்துட்டேன்.

வெளக்குமாறு, மண்வெட்டி, சுண்ணாம்பு வாளி எல்லாம் வாசல்ல ரெடியா இருக்கு. ரெண்டு பேரும் வந்து செய்யுங்க.

மார்கரீத்